உவர் தண்ணியில் குழைத்த கால்

ஞாயிற்றுக்கிழமை சாட்டிக் கடற்கரைக்கு வந்து குளித்துக் கூத்தாடிவிட்டுப் போகிற சனம் விட்டுச்செல்லும் போத்தல்களை, திங்கள் காலமை நான் போய்ப் பொறுக்குவேன். ஒரு நாள் பிந்தினாலும் எறும்பு குடிவந்துவிடும். போத்தலுக்குள் மிச்சச் சாராயம்தான் இருக்கும் என்று நினைப்பவர்கள் நல்ல குடும்பத்தில் பிறந்தவர்கள். நான் கண்டது சிகரட் கட்டை, கோழி எலும்பு, பாதி மென்று துப்பின வெற்றிலை, ஒருமுறை செத்து ஊதின நண்டுக் குஞ்சு. மஞ்சளாய் ஏதாவது கிடந்தால் அது பியர் என்று நம்பக்கூடாது. முதல் வருடம் நம்பினேன். மணந்து பார்த்துத்தான் திருந்தினேன். பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரைக்கும். மிச்சப் படிப்பெல்லாம் நான் இப்படி மூக்கால் படித்தது.

இந்தப் போத்தல்களை உருக்கி அச்சில் இறக்கிச் சிலை செய்கிறேன். என்னைச் சிற்பி என்று சொல்பவர்கள் மூன்று பேர். ஒன்று நான். மற்ற இரண்டு பேரும் எனக்குச் சீமெந்து விற்கிறவர்கள்.

ஏனென்றால் அதற்கு முதல் நான் சீமெந்து ஆள். கிணற்று வளையம், கக்கூசுக் கோப்பை, வெளிநாட்டுக் காசில் எழும்புகிற வீடுகளின் கேற்றுத் தூணுக்குச் சிங்கம். சிங்கங்களைப் பற்றி ஒரு விசயம் சொல்லத்தான் வேண்டும். சரவணையில் எங்கள் வளவுக் கிணறு உவர். குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம், குடிக்க ஏலாது. குடிக்கிற தண்ணி பவுசர் என்கிற தண்ணி லொறியில் வரும். அதற்கு எங்களிடம் பேரே நல்ல தண்ணிதான். நல்ல தண்ணியில் சீமெந்து குழைக்கிற ஒருவனைக் கண்டால், அவன் தீவில் பிறந்தவன் இல்லை என்று சத்தியம் செய்யலாம். நானும் உவர் தண்ணியில்தான் குழைத்தேன். உள்ளே வைத்த கம்பி கறள் பிடித்து வீங்கி, சீமெந்தைப் பிளந்துகொண்டு வந்தது. வேலணைப் பக்கம் போகும்போது மூன்று காலில் நிற்கும் சிங்கம் ஒன்றைக் கண்டால் கும்பிட்டுவிட்டுப் போங்கள். செய்தவன் நான்.

கண்ணாடிக்கு வந்தது சாட்டியில் உடைந்த போத்தல் ஒன்றில் ஏறி மிதித்த பிறகு. உள்ளங்காலில் தையல். காலைக் கதிரையில் தூக்கி வைத்துக்கொண்டு போனில் படம் பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரக் கிழவன் கண்ணாடியை உருக்கிக் குதிரைத் தலை செய்து காட்டினான். அவன் பேசியது என்ன பாசை என்றுகூட எனக்குத் தெரியாது. கையைப் பார்த்துப் படித்தேன். அதில் ஒரு சிக்கல். கிழவன் சூளையை மூடுவான், அடுத்த கணம் திறப்பான், உள்ளே குதிரை இருக்கும். நானும் மாட்டுக்கொட்டிலுக்குள் செங்கல் அடுக்கி, காஸ் அடுப்புப் பூட்டி, மூடி, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத் திறந்தேன். வெடித்த சத்தத்தில் பக்கத்து வளவு நாய் இரண்டு நாள் வீட்டுக்கு வரவில்லை. கிழவன் மூடியதற்கும் திறந்ததற்கும் நடுவில் நாட்கள் போயிருக்கின்றன, அதைப் படத்தில் வெட்டிவிட்டார்கள் என்று எனக்கு விளங்குவதற்குள் மூன்று சூளை போய்விட்டது.

உருகின கண்ணாடியைச் சூளைக்குள்ளேயே மூடி வைத்து, நாட்கணக்கில் தானாக ஆற விடவேண்டும். அவசரப்பட்டால் வெளித்தோல் முதலில் ஆறும், உள்ளே சூடு நிற்கும், ஒன்றை ஒன்று இழுத்து வெடிக்கும். அதேமாதிரி இரண்டு நிறப் போத்தலைக் கலக்கவும் கூடாது. பியர்ப் போத்தலின் மண்ணிறமும் சாராயப் போத்தலின் வெள்ளையும் உருகும்போது கட்டிப்பிடித்துக்கொண்டுதான் இருக்கும். ஆறும்போதுதான் கலியாண வீட்டில் இரண்டு பக்கத்துச் சொந்தமும் மாதிரி முறுகிக்கொள்ளும். இந்த இரண்டும்தான் என் சட்டம். இரண்டையும் நான் ஒரே சிலையில் மீறினேன்.

முதன்முதல் ஒழுங்காக வந்தது என் சொந்தக் கால். தையல் போட்ட உள்ளங்கால், பித்தவெடிப்பு விழுந்த குதி, நகத்துக்குள் போன ஊத்தை, எல்லாம் வெளிறிய பச்சைக் கண்ணாடியில். சோடாப் போத்தல் உருகினால் மூக்குச்சளி நிறம்தான் வரும். உள்ளே குமிழி. மேலே காய்ச்சின பாலில் படிகிற ஆடை மாதிரி ஒரு வெண்மை. போனில் வருகிறவர்கள் அதை எல்லாம் தேய்த்து எடுத்துப் பளிங்காக்குகிறார்கள். நான் தேய்க்கவில்லை. சளியைச் சளியாகவே விட்டேன். கொண்டுபோய் மனைவிக்குக் காட்டினேன்.

"உதைக் குசினிக்குள்ள கொண்டு வராதேங்கோ," என்றாள். "சோறு இறங்காது."

அதைவிட நல்ல பாராட்டு எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. ஒரு மனிசிக்குச் சோறு இறங்காமல் செய்துவிட்டேன் என்றால் அது சும்மா கண்ணாடி இல்லை. அன்றைக்கே முடிவெடுத்தேன், அருவருப்பானதைத்தான் செய்வதென்று. மொச்சை நாற்றம் வீசுகிற போத்தலில் இருந்து மயிலும் அன்னமும் செய்ய எனக்கு மனம் வராது.

எங்கள் பக்கத்து வளவில் ஒரு அண்ணை இருக்கிறார். தெற்கே ஒரு பட்டணத்தில் கடை வைத்திருந்து, வயது போனபிறகு கடையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தவர். பிள்ளைகள் வெளிநாட்டில். வீட்டில் அவரும் அக்காவும் மட்டும். சொந்தம் இல்லை, ஆனால் அவருடைய மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அண்ணைக்குச் சீனி வருத்தம். வலது கால் பெருவிரல் கறுத்துவிட்டது. யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் காட்டினபோது, அடுத்த திங்கள் வாருங்கோ, விரலோடு நிறுத்திவிடலாம், பிந்தினால் மேலே போகும் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணை வரமாட்டேன் என்று விறாந்தைக் கதிரையில் இருந்துவிட்டார்.

சனிக்கிழமை காலமை நான் பார்க்கப் போனேன்.

"டொக்டரிட்டக் கேட்டனான்," என்றார். "வெட்டினதை என்ன செய்யிறனீங்கள் எண்டு. அது மருத்துவக் கழிவு, அதுக்கு வேற வாளி இருக்கு எண்டு சொல்லுறான்."

"பின்ன என்ன அண்ணை, பார்சல் கட்டித் தரட்டோ?"

"பகிடி விடாதேயும். கடையில ஒரு கதிரை போடேல்ல நான். கதிரை போட்டால் சனம் இருந்து கதைக்கும் எண்டு வாழ்நாள் முழுக்க நிண்டனான். நிண்ட கால் இது. அதைக் கழிவு எண்டு அவன் எப்பிடிச் சொல்லலாம்?"

"விரல்தானே போகுது."

"இண்டைக்கு விரல்." கறுத்த விரலைக் குனிந்து பார்த்தார். "நீர் உம்மட காலைக் கண்ணாடியில ஊத்தினனீரல்லோ. என்ரயையும் ஊத்தித் தாரும். முழுசா இருக்கேக்க ஒருக்கா இருக்கட்டும். அது என்ர கையில வந்த அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போறன்."

உள்ளே இருந்து அக்கா, "உவருக்குத்தான் விசர். தம்பி, நீரும் சேர்ந்து ஆடாதேயும்," என்றார். பிறகு தேத்தண்ணியோடு வெளியே வந்து என்னை வாசல் படலை வரை கூட்டிக்கொண்டு போய்க் குரலைத் தணித்தார். "செய்து குடுத்திடும் தம்பி. இல்லாட்டி அந்த மனிசன் அசையாது. இன்னும் ஒன்பது நாள் கிடக்கு, அந்தத் திங்களுக்கு முந்திக் குடுத்தீரெண்டால் விரலோட போயிடும்."

ஓம் என்றேன். அக்காவுக்காகத்தான் ஓம் சொன்னேன் என்று எழுத ஆசைதான். உண்மை என்னவென்றால், உள்ளுக்குள் எனக்குச் சந்தோசம். சாட்டியில் மூத்திரப் போத்தல் பொறுக்குகிற ஒருவனுக்கு இப்படி ஒரு கால் வந்து வாய்க்குமா என்று மனம் துள்ளியது. என்னைப்போல ஒரு அரியண்டம் பிடித்த மனிதனை நான் கண்டதில்லை, அதுவும் ஒவ்வொரு நாளும் முகம் வழிக்கும்போது காண்கிறேன்.

முதலில் காலில் இருந்தே அச்செடுக்கப் பார்த்தேன். அச்செடுக்கக் குழைக்கிற சுண்ண மா புண்ணில் படக்கூடாது. அதனால் சாப்பாட்டுக் கடையில் சோறு கட்டுகிற லன்ச் சீற்றை எடுத்துக் காலைச் சுற்றி, அதற்கு மேலே மாவைப் பூசினேன். கழற்றிப் பார்த்தால் விரலும் இல்லை, நகமும் இல்லை. சரியாக ஒரு சோற்றுப் பார்சல்.

"முட்டையும் வச்சிருக்கோ?" என்று அண்ணை கேட்டார்.

ஆகவே பார்த்துத்தான் செய்யவேண்டும். மெழுகுதிரிக் கட்டையும் தேன்மெழுகும் சேர்த்து உருக்கி, மூன்று காலமை அவருடைய காலுக்கு முன்னால் சப்பாணி கட்டி இருந்து மெழுகில் வனைந்தேன். பார்ப்பது என்றால் மேலோட்டமாகப் பார்க்க ஏலாது. எங்கே தோல் பளபளக்கிறது, எங்கே உலர்ந்து சுருங்குகிறது, கறுப்பு எந்த இடத்தில் ஊதாவாகி எந்த இடத்தில் மஞ்சளாகிறது, அந்த ஓரத்தில் கசிவது என்ன என்று மூக்கு முட்டக் குனிந்து பார்க்கவேண்டும். பழுதாய்ப்போன கணவாய்க் கறிச் சட்டியைத் திறந்து முகத்தை உள்ளே விட்டால் எப்படியோ அப்படி. மூக்குக்குக் கீழே தைலம் பூசிக்கொண்டு போனேன். அதற்குப் பிறகு எனக்குத் தைலம் மணந்தாலே அந்தக் கால்தான் வரும். இரண்டாம் நாள் எழும்பிப்போய் வேலிக்கரையில் சத்தி எடுத்தேன்.

"சாட்டியில பொறுக்கிற ஆளுக்கு என்ர கால் மணக்குதோ?" என்றார் அண்ணை பின்னால் இருந்து.

"இல்லை அண்ணை. காலமைச் சாப்பாடு சரியில்லை."

"அப்ப உம்மட மனிசியிட்டச் சொல்லுறன்."

மூன்றாம் நாள் மெழுகுக் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பெருவிரலைக் கறுப்பாச் செய்யேலாதோ?"

"கண்ணாடி ஒரே நிறத்திலதான் வரும் அண்ணை. கலந்தால் வெடிக்கும்."

"அப்ப அது என்ர தம்பியின்ர காலாத்தான் இருக்கும்," என்றார். அவருடைய தம்பி வருத்தம் துன்பம் இல்லாத மனிதர்.

புதன்கிழமை அச்சுக் குழைத்தேன். மெழுகுக் காலைச் சுற்றிச் சுண்ணச் சாந்தும் மெல்லிய வெள்ளை மணலும் குழைத்துப் பூசவேண்டும். பிறகு ஆவி விட்டால் மெழுகு உருகி ஓடிவிடும், உள்ளே கால் வடிவத்தில் ஒரு வெற்றிடம் நிற்கும். அதன் வாய்க்கு மேலே ஒரு மண் பூச்சட்டி. சட்டி நிறையச் சாராயப் போத்தல் துண்டு. சூளை செத்தல் மிளகாய் நிறத்துக்கு வந்து, அதையும் தாண்டிச் செவ்விளநீர் நிறத்துக்கு ஏறும்போது, சட்டியின் அடித்துளையால் கண்ணாடி பனங்களி மாதிரி மெதுவாக இழுபட்டு உள்ளே இறங்கும். எனக்குத் தெரிந்த வடிவான காட்சி அது ஒன்றுதான். அதைச் சொல்லிவிட்டேன். இனி வடிவு இல்லை.

சாந்து குழைக்க வாளியை எடுத்துக் கிணற்றுக்குப் போனேன். யோசிக்கவேயில்லை. கை தானாகப் போனது.

ஞாயிற்றுக்கிழமை காலமை அச்சை உடைத்தேன். சாந்து கண்ணாடியை விட்டுக் கழலவில்லை. உப்பு, மணலையும் கண்ணாடியையும் ஒன்றாக ஒட்டிவிட்டிருந்தது. தட்டித் தட்டி எடுத்தால் பொருக்குப் பொருக்காக வந்தது, வந்த இடத்தில் குழி. கால் முழுக்கத் தோல் உரிந்த மாதிரி. விரல் இடுக்கில் வெள்ளையாய், சீழ் கட்டின மாதிரி ஏதோ இறுகிக் கிடந்தது. பெருவிரலில் மணல் எரிந்து கருகிப் படிந்து நின்றது. கையில் எடுத்தபோது அது சுரண்டியது. என்னுடைய வேலையைப் பார்த்து எனக்கே குமட்டியது அதுதான் முதல் தடவை. சோறு இறங்காமல் செய்வதுதான் கலை என்று சொல்லித் திரிந்தவன் நான்தான்.

மனைவி கிட்ட வந்து பார்த்தாள்.

"எந்தத் தண்ணியில குழைச்சனீங்கள்?"

நான் வாளியைப் பார்த்தேன்.

"சிங்கத்தின்ர கால் போனது காணாதே?"

அந்த நேரம் வேலிக்கு அந்தப் பக்கம் அக்காவின் சத்தம். கதியாலுக்கு மேலால் முகம் மட்டும் தெரிந்தது. "தம்பி, முடிஞ்சுதோ? நாளைக்குக் காலமை பஸ்ஸுக்கு நிக்கவேணும்."

நான் காலைச் சாக்குக்குக் கீழே தள்ளினேன். "உடைஞ்சுபோச்சு அக்கா."

"உடைஞ்சதெண்டாலும் பரவாயில்லை, தாரும். அவர் ஒருக்காப் பாக்கட்டும்."

"தர ஏலாது அக்கா. ஒண்டுமில்லாமப் போச்சு. திரும்பச் செய்யவேணும்."

அக்கா கதியாலில் இருந்து கையை எடுத்தார். அவர் போனபிறகு நான் அந்தக் காலைக் கொண்டுபோய்க் கிணற்றுக்குப் பின்னால், தோய்க்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஊத்தைத் தண்ணி ஓடுகிற கானுக்குள் போட்டேன். மனைவி என்னைப் பார்த்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று பிறகு அவள்மேல் பழியைப் போடப் பார்த்தேன். அதற்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை அண்ணை போகவில்லை. "கால் வந்தால்தான் கால் போகும்," என்று விறாந்தையில் இருந்து சொன்னது எங்கள் குசினி வரை கேட்டது.

திரும்பவும் மெழுகில் இருந்து தொடங்கினேன். இந்தமுறை அச்சுக் குழைக்க, மனைவி நல்ல தண்ணிக் கலனைத் தானே தூக்கிக்கொண்டு வந்து வைத்தாள். அடுத்த பவுசர் எப்போது வரும் என்று தெரியாத நாள். வாளிக்குள் ஊற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள், கோழி வெட்டுகிற இடத்தில் நிற்கிற மாதிரி.

அந்த வாரம் அக்கா ஒவ்வொரு பின்னேரமும் வேலிக்கு வந்து அறிக்கை சொன்னார்.

"இண்டைக்கு ரெண்டாம் விரலும் கறுத்திட்டுது."

மறுநாள், "மேல்பாதம் வீங்கிட்டுது தம்பி. செருப்புப் போட ஏலாது."

அதற்கு அடுத்த நாள், "வீட்டுக்குள்ள இருக்க ஏலாமக் கிடக்கு. மணம். நான் உப்பிடிச் சொல்லக்கூடாது. தம்பி, சீமெந்தில ஒண்டு செய்து குடும். அவருக்கென்ன தெரியும்? ஒரு கால் எண்டு இருந்தால் காணும்."

சீமெந்துக் கால் எனக்கு அரை நாள் வேலை. பழைய கக்கூசுக் கோப்பை அச்சின் கால் வைக்கிற இடத்தைக் கொஞ்சம் திருத்தினாலே போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"அது கண்ணாடியிலதான் வரவேணும் அக்கா. இது அவசரத்தில செய்யிற வேலை இல்லை."

இதைச் சொல்லும்போது நெஞ்சை நிமிர்த்தியிருப்பேன். நிச்சயமாக நிமிர்த்தியிருப்பேன்.

அதோடும் விடவில்லை. அண்ணை பெருவிரலைக் கறுப்பாகக் கேட்டது மனதில் கிடந்து அரித்தது. பியர்ப் போத்தல் ஒன்றைச் சின்னதாக நொறுக்கி, அச்சின் வாயால் விட்டு, தென்னை ஈர்க்கால் தள்ளித் தள்ளிப் பெருவிரல் இருக்கும் குழிக்குள் சேர்த்தேன். கலக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். இந்தக் காலைப் பார்த்து நாலு பேர், ஆகா, விரலை மட்டும் எப்படிக் கறுப்பாக எடுத்தான் என்று கேட்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

சூளையை மூடின மூன்றாம் நாள் காலமை அக்கா வேலியால் வரவில்லை, படலையால் வந்தார். தலை வாரவில்லை.

"காய்ச்சல் அடிக்குது. நெருப்பாக் கிடக்கு. பிதற்றுறார். தம்பி, உள்ளதைத் தாரும்."

இன்னும் இரண்டு நாள் ஆறவேண்டும். திறந்தேன். சூடு முகத்தில் அடித்தது. அச்சைத் துணியால் பிடித்துத் தூக்கி உடைத்தேன். இந்தமுறை சாந்து தானாக உதிர்ந்தது. உள்ளே இருந்து வந்த காலை இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. ஒரு பொருக்கு இல்லை. நரம்பும், நகமும், தோலின் கோடும் துலக்கமாக, வெள்ளையாய், நுனியில் மட்டும் மண்ணிறப் பெருவிரல். துணியோடு வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரு சின்னச் சத்தம் கேட்டது, கிளாசில் கரண்டி பட்ட மாதிரி. பெருவிரல் கழன்று என் காலடியில் விழுந்தது. இரண்டு நிறமும் சேருகிற இடத்தில், நூல் பிடித்து வெட்டினது போல.

கலந்ததாலோ, அவசரத்தாலோ, எனக்குத் தெரியாது. இரண்டும் நான்தான்.

கை தாங்குகிற சூட்டுக்கு வந்ததும், காலை ஒரு கையிலும் விரலை மற்றக் கையிலும் கொண்டுபோனேன். அண்ணை கட்டிலில் கிடந்தார். கண் சிவந்திருந்தது. வாசலிலேயே மணம் தள்ளியது. காலை அவர் நெஞ்சில் வைத்தேன். விரலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன். அவர் அதைக் கண்டுவிட்டார்.

"டொக்டருக்கு முதல் நீர் வெட்டிப்போட்டீர்," என்றார். சிரித்தார். சிரித்த சிரிப்பில் இருமல் வந்தது. பிறகு காலைத் தூக்கி யன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். "வடிவாத்தான் இருக்கு. ஆரின்ர கால்?"

"உங்கடை, அண்ணை."

"ஓமோ?" என்று திரும்பவும் பார்த்தார். "சரி. சொன்ன சொல்லுச் சொன்னதுதான். வாகனத்தைக் கூப்பிடும்."

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். உயிர் தப்பினதே பெரிய காரியம் என்றார்களாம்.

ஒன்றரை மாதத்துக்குப் பிறகு, அண்ணை இரண்டு ஊன்றுகோலும் அக்காவின் தோளுமாக எங்கள் வளவுக்குள் வந்தார். சூளையைப் பார்க்கவேண்டுமாம். நான் கதிரை எடுத்துவரப் போனேன்.

"கதிரை வேண்டாம்," என்றார். "சனம் இருந்து கதைக்கும்."

கொட்டிலைப் பார்த்தார், போத்தல் சாக்குகளைப் பார்த்தார், மூக்கைச் சுளித்தார். பிறகு கால் கழுவவேண்டும் என்றார். "ஒண்டுதானே, கெதியா முடிஞ்சிடும்," என்று தன்னைத்தானே பகிடி பண்ணிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். நான் பின்னால் போகும்போதுதான் நினைவு வந்தது. பிந்திவிட்டது.

"உதென்ன?" என்றார்.

கானுக்குள் பாசி பிடித்துக் கிடந்தது. சவுக்கார நுரை விரல் இடுக்கில் காய்ந்திருந்தது. அக்கா குனிந்து எடுத்தார். கானுத் தண்ணி அவருடைய முழங்கை வரை வழிந்தது. அண்ணை ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையை நீட்டி வாங்கினார். பொருக்கைத் தடவினார். குழியைத் தடவினார். கருகின பெருவிரலை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"இது," என்றார், "இதுதான் என்ர கால். இதை ஏன் கானுக்குள்ள போட்டனீர்?"

"பழுதாப்போச்சு அண்ணை. உவர் தண்ணியில குழைச்சனான்."

"பழுதாத்தானே இருந்தது."

எனக்கு வாயில் ஒரு பகிடியும் வரவில்லை. வாழ்நாளில் ஒரு தரம் வந்திருக்கவேண்டிய நேரம்.

"இது எப்ப எடுத்தது?" என்றார் அக்கா.

"முதல் எடுத்தது அக்கா."

"முதல் எண்டால்?"

"அந்த ஞாயிற்றுக்கிழமை."

அக்கா சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்தது நின்றது. அண்ணையின் கையில் இருந்து அந்தக் காலைத் திரும்ப வாங்கி, குதியில் இருந்து விரல் நுனி வரை ஒருமுறை உருட்டிப் பார்த்தார்.

"உடையேல்லயே," என்றார்.

அண்ணை என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அவருக்கும் விளங்கிவிட்டது. கீழே, உடுத்திருந்த சாரம் கால் இல்லாமல் மடிந்து தொங்குகிற இடத்தைப் பார்த்தார்.

"சரி விடப்பா," என்றார் அக்காவிடம். "சிங்கத்தின்ர காலுக்கும் உவர் உப்பிடித்தான்."

அக்கா சிரிக்கவில்லை. வாளியில் தண்ணி அள்ளி அந்தக் காலைக் கழுவினார். பாசியை நகத்தால் எடுத்தார், விரல் இடுக்கில் இருந்த சவுக்காரத்தை எடுத்தார். ஒன்றரை மாதத்துக்கு முன் வீட்டில் எப்படிக் கழுவியிருப்பாரோ அப்படி. பிறகு இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்றத் தோளை அண்ணைக்குக் கொடுத்து, படலையால் கூட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அக்கா வேலிக்கரைக்கு வரவில்லை. தெருவில் கண்டால் சிரிப்பார். சுகமோ என்று கேட்பார். மரியாதையான மனிசி.

வடிவான கால் என்னிடம்தான் திரும்பி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன அன்று அண்ணை அதைக் கட்டிலிலேயே விட்டுப்போனார், பிறகும் கேட்கவில்லை. விரலையும் காலையும் ஒரே பையில் போட்டுக் கொட்டிலில் வைத்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த ஒருவர் அதைக் கண்டு, உடைந்த விரல்தான் இந்தச் சிலையின் ஆழம் என்றார். நல்ல மனிதர். தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். அதைத் திரும்ப உருக்கவும் ஏலாது. இரண்டு நிறம் கலந்தது, எதில் சேர்த்தாலும் வெடிக்கும்.

அண்ணையும் அக்காவும் அந்தக் காலோடு படலையைச் சாத்திக்கொண்டு போன அன்று மத்தியானம், மனைவி சோறு போட்டாள். சூடைமீன் குழம்பு, முருங்கையிலைச் சுண்டல். நான் கை கழுவி இருந்தேன். நான் பிசைந்தேன், பிசைந்துகொண்டே இருந்தேன். இறங்கவில்லை.